குதிரையின் பூர்வீகம்: காயல் துறை முதல் ஃபேரர் பார்க் வரை

முன்னுரை

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்கு இணையாகச் செல்லும் ரேஸ் கோர்ஸ் சாலை இன்று வாழையிலை உணவகங்களுக்கும் மீன்தலைக் கறிக்கும் பெயர் பெற்றது. அச்சாலைக்குப் பெயர் தந்த பந்தயத்திடல் 1933ஆம் ஆண்டில் அவ்விடத்தை விட்டு அகன்றுவிட்டது. திடல் இருந்த நிலப்பகுதி, நகராட்சித் தலைவராக 1919 முதல் 1931 வரை பணியாற்றிய ரோலண்ட் ஜான் ஃபேரர் என்பாரின் பெயரால் ஃபேரர் பார்க் என்று வழங்கப்பெறுகிறது. வரலாற்று நூல்கள் இத்திடலை மூன்று நிகழ்ச்சிகளுக்காக நினைவுகூர்கின்றன. சிங்கப்பூர் வானில் முதல் விமானம் 1911இல் இங்கிருந்தே பறந்தது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா சென்ற ராஸ் ஸ்மித்தின் விமானம் 1919இல் இங்கே இறங்கியது. 1942 பிப்ரவரி 17ஆம் நாள் பிரிட்டிஷ் இந்தியப் படையினர் இத்திடலில்தான் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பெற்றனர். இந்திய தேசிய இராணுவத்தின் முதல் வித்தும் அன்று இங்கே ஊன்றப்பெற்றது.

இந்நிகழ்ச்சிகளுக்கெல்லாம் முன்னர் தொடங்கி, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுக்காலம் இது குதிரைகளின் களமாக விளங்கியது என்பது பலரும் விரைந்து கடந்துபோகும் செய்தியாகும். இக்கட்டுரை அச்செய்தியிடம் சற்று நின்று ஒரு சிறு வினாவை எழுப்புகிறது. குதிரையை வாங்க முற்பட்டவர், அது எங்குப் பிறந்தது, எவரிடம் வளர்ந்தது, எந்நோய்க்கு ஆளானது, இதற்கு முன் எவ்வாறு ஓடியது என்பவற்றை எவ்வாறு அறிந்துகொண்டார்? கடல் கடந்து வரும் உயிருக்குப் பூர்வீகச் சான்று அளித்தவர் எவர்? இவ்வினாவைத் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து தொடங்கி ஃபேரர் பார்க் வரை கொண்டுவந்து நோக்குவது நமது நோக்கமாகும்.

1. காயல் துறையில் விலையும் அறியாமையும்

குதிரை தமிழகத்திற்குக் கடல்வழி வந்த பொருள் என்பதைப் பட்டினப்பாலை தெளிவுறக் காட்டுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பண்டங்களைப் பட்டியலிடுமிடத்து அந்நூல் நீர்வழி வந்த குதிரையையே முதற்கண் வைக்கிறது. தென்னாட்டின் வெப்பமும் ஈரமும் மேய்ச்சல் நிலக் குறைவும் நல்ல குதிரை இனங்கள் பெருகுவதற்கு இடந்தரவில்லை. ஆகவே வேந்தர்களின் படைவலிமை, மரக்கலம் எப்போது வரும் என்பதைப் பொறுத்ததாயிற்று.

பிற்காலப் பாண்டியர் காலத்தில் இவ்வாணிகம் உச்ச நிலையை எய்தியது. ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரை ஏற்றிவந்த கலங்கள் காயல் துறையில் தங்கியதை மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் குறித்துள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இவ்வாணிகத்தின் ஒப்பந்த விதிகளையே எடுத்துரைக்கிறார். கிஷ் தீவின் அதிபர் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்புவதென்றும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை என்றும், வழியில் இறந்துபடும் குதிரைக்கும் அரசன் அதே விலையைத் தருவதென்றும் உடன்பாடு இருந்ததாக அவர் எழுதுகிறார்.

இவ்விறுதி விதி ஆழ்ந்து நோக்கத்தக்கது. வாங்குபவர் குதிரையைக் காண்பதற்கு முன்பே அதன் இழப்பு முழுவதையும் ஏற்றுக்கொள்கிறார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. அவ்வறியாமைக்கும் சேர்த்தே விலை கொடுக்கப்படுகிறது.

ஆண்டுக்கு இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்பது மார்க்கோ போலோவின் கூற்று. குதிரை பேணும் முறையறிந்தோர் அந்நாட்டில் இல்லை என்றும், குதிரை வைத்தியர் எவரும் அங்குச் செல்லாதவாறு வணிகரே தடுத்தனர் என்றும் அவர் காரணம் கூறுகிறார். குதிரைகள் இறந்தால்தான் வணிகம் நடக்கும் என்பது அவ்வணிகரின் கணக்கு. இக்கூற்றில் பயணியின் மிகை கலந்திருத்தல் கூடும். தட்பவெப்பத்தின் பங்கையும் நாம் ஒதுக்க இயலாது. வறுத்த தானியத்தை நெய்யோடு கலந்து ஊட்டியதையும் காய்ச்சிய பசுவின் பாலைப் பருகக் கொடுத்ததையும் வஸ்ஸாஃப் வியப்போடு குறிப்பிடுகிறார். அரபு நாட்டுக் குதிரை எதனைத் தின்று வளர்ந்தது என்பது பாண்டியநாட்டு லாயத்திற்கு வந்து சேரவில்லை என்பதையே இவ்விரு குறிப்புகளும் ஒருங்கே உணர்த்துகின்றன. பூர்வீகம் அறியாமை இவ்வாறு உயிர்ச்சேதமாகவும் பொருட்சேதமாகவும் முடிந்தது.

விசயநகரத்தில் இந்நிலை மேலும் விநோதமான வடிவம் கொண்டது. 16ஆம் நூற்றாண்டில் அந்நகரில் தங்கியிருந்த போர்த்துகீசியக் குதிரை வணிகரான நூனிஸ், சாளுவ நரசிம்மன் உயிரோடு வந்த குதிரைக்கும் இறந்த குதிரைக்கும் ஒப்ப விலை தந்தான் என்கிறார். கடலில் மாண்ட குதிரையின் வாலைக் கொணர்ந்து காட்டினாற்போதும். பகைவர் கைக்குக் குதிரை போய்விடலாகாது என்ற அரசியல் நோக்கம் இதன்பின் இருந்தது. வணிகரைத் தன்பால் ஈர்த்து வைத்துக்கொள்ள வேண்டிய வேந்தன், அவர் கொணர்ந்த சரக்கைத் துருவி ஆராயும் நிலையில் இல்லை.

2. பெருந்துறைக் கதை உணர்த்தும் வாணிக நெறி

தமிழ்ச் சமுதாயம் இவ்வாணிக அனுபவத்தைச் சமயக் கதையொன்றின் வடிவிலும் போற்றி வைத்துள்ளது. பாண்டியனின் அமைச்சராகிய வாதவூரர் குதிரை வாங்கப் பொன்னோடு திருப்பெருந்துறைக்குச் சென்றார். பொன்னைத் திருப்பணிக்குச் செலவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் குதிரை வணிகனாக மதுரைக்கு வந்தான். இரவில் பரிகள் மீண்டும் நரிகளாயின. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதனை விரித்துரைக்கிறது.

இக்கதையின் உட்பொருள் அருளியல் சார்ந்தது. அதனை வாணிகக் கதையாகச் சுருக்குவது நமது கருத்தன்று. எனினும் கதை நிகழும் களம் மெய்யான குதிரைச் சந்தையின் களமாகவே அமைந்துள்ளது. வணிகன் குதிரைகளின் இலக்கணத்தை எடுத்துரைக்கிறான். அரசன் கண்ணாரக் கண்டு மகிழ்கிறான். கயிறு கைம்மாறுகிறது. கயிறு மாறியபின் சரக்கு வாங்கியவருடையது, விற்றவர்க்குப் பொறுப்பில்லை. உடற்குறிகள் எல்லாம் செம்மையாக இருந்தன. குதிரைகள் எங்கிருந்து வந்தன என்பது மட்டும் மறைந்திருந்தது. இலக்கணம் பார்த்து ஏமாறலாம் என்னும் அச்சம் குதிரை வாங்கிய ஒரு சமுதாயத்தின் பட்டறிவிலிருந்து கதைக்குள் புகுந்திருத்தல் வேண்டும் எனக் கருதுவதற்கு இடமுண்டு.

3. உடற்குறி காட்டியதும் காட்டாததும்

உடற்குறி பார்க்கும் கலை நம் நாட்டில் நன்கு வளர்ந்திருந்தது. பாண்டவருள் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரம் நிறம், சுழி, குரல், நடை முதலியவற்றைக் கொண்டு குதிரையை வகைப்படுத்துகிறது. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் இச்சாத்திரத்தின் ஓவியச் சுவடியைப் பாதுகாத்து வருகிறது. மாட்டுச் சந்தைகளிலும் பல்லைப் பார்த்து வயதறிதலும், சுழி பார்த்தலும், நடக்கவிட்டுக் காலூனம் காணுதலும் இன்றும் வழக்கில் உள்ளன. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்னும் பழமொழி, விலைகொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும் என்பதை மறைமுகமாக வலியுறுத்துகிறது.

இக்குறிகளுள் இருவகை உண்டு. பல், குளம்பு, கண், மூச்சு ஆகியவை விலங்கின் கடந்த காலத்தை ஓரளவு மெய்யாகவே காட்டுவன. பல்லின் தேய்மானம் வயதைச் சொல்லும். குளம்பின் வளையங்கள் நோயையும் தீவன மாற்றத்தையும் சொல்லும். சுழி முதலியவை நம்பிக்கை சார்ந்தவை. அவை வாங்குபவரின் எதிர்காலத்தைக் கூறுவனவாகக் கருதப்பட்டன. ஆயினும் குதிரையின் தாய்தந்தையரையோ, அது முன்பு எவரை எறிந்து தள்ளியது என்பதையோ எக்குறியும் கூறுவதில்லை. அதற்கு மனிதரின் சொல்லே வேண்டும்.

4. விற்பவரின் சொல்லும் ஆங்கிலச் சட்டமும்

நம் சந்தைகளில் அச்சொல்லைத் தரகர் தந்தார். இரு தரப்பையும் அறிந்த தரகர் அடுத்த சந்தையிலும் முகம் காட்ட வேண்டியவராதலின், அவர் வாக்குக்கு மதிப்பிருந்தது. கடல் கடந்த வாணிகத்தில் அத்தகைய பிணைப்பு அரிது. விற்றவர் கலமேறிப் போய்விடுவார்.

சிங்கப்பூரில் 1826ஆம் ஆண்டின் இரண்டாம் நீதிப் பட்டயத்தின் வழி ஆங்கிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வாங்குபவரே விழிப்போடு இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் பழைய நெறி. விற்பவர் எப்போது தம் சொல்லுக்குக் கட்டுப்பட்டவராவார் என்னும் சிக்கலை ஆங்கில நீதிமன்றங்கள் பல குதிரை வழக்குகளிலேயே ஆராய்ந்தன. 1854ஆம் ஆண்டின் ஹாப்கின்ஸ் எதிர் டாங்கரே வழக்கு அவற்றுள் ஒன்று. இலண்டனில் டாட்டர்சால்ஸ் ஏலக்கூடத்தில் கலிஃபோர்னியா என்ற குதிரையின் கால்களை ஒருவர் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கு வந்த உரிமையாளர், கால்களைப் பார்க்கத் தேவையில்லை, குதிரை எவ்விதக் குறையும் அற்றது என்று உறுதி கூறினார். அவர் ஆராய்வதை நிறுத்திவிட்டு மறுநாள் ஏலத்தில் குதிரையை எடுத்தார். குதிரை குறையுடையதாயிற்று. உரிமையாளர் கூறியது அவரது நம்பிக்கையே அன்றி ஒப்பந்த உறுதிமொழி ஆகாது என்பது தீர்ப்பு.

பாண்டியன் சபையில் கயிறு மாறியதற்கும் இலண்டன் ஏலக்கூடத்தில் சுத்தி விழுந்ததற்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. இரு இடங்களிலும் விற்பவரை நம்பி ஆராய்ச்சியைக் கைவிட்டவரே இழப்பை ஏற்றார்.

5. ஃபேரர் பார்க்கும் கிரிஃபின் முறையும்

1842ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் தோற்றுவிக்கப்பெற்றது. முதல் பந்தயம் 1843 பிப்ரவரி 23ஆம் நாள் நடைபெற்றது. 1924இல் இவ்வமைப்பு சிங்கப்பூர் டர்ஃப் கிளப் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சென்னையில் கிண்டிப் பந்தயம் 1777இலேயே தொடங்கிவிட்டதையும், சென்னைப் படைக்குக் குதிரை பேணும் பண்ணை ஓசூரை அடுத்து 1824இல் அமைக்கப்பெற்றதையும் எண்ணிப் பார்த்தால், சிங்கப்பூர்ப் பந்தயம் ஆங்கிலேய இந்தியாவின் குதிரைப் பண்பாட்டின் நீட்சியாகவே தோன்றுகிறது. நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து வந்தமையால் வேலர் என்று பெயர் பெற்ற ஆஸ்திரேலியக் குதிரைகள் சென்னைக்கும் வந்தன. கீழ்த்திசைத் துறைமுகங்களுக்கும் சென்றன.

இங்கு வழங்கிய கிரிஃபின் என்னும் சொல் நமது ஆய்வுக்கு மிகவும் இன்றியமையாதது. இந்தியாவுக்குப் புதிதாக வந்திறங்கி நாட்டு நடப்பு அறியாத ஆங்கிலேயரைக் குறித்த சொல் அது. பின்னர், புதிதாக இறக்குமதியாகி எப்பந்தயத்திலும் ஓடியிராத குதிரைக்குப் பெயராயிற்று. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் சீனத் துறைமுக நகரங்களிலும் கிளப்பே இத்தகைய குதிரைகளைத் தொகுதியாக வரவழைக்கும். சந்தா செலுத்திய உறுப்பினர்கள் சீட்டுக் குலுக்கித் தத்தமக்கு உரியதைப் பெறுவர். விலை எல்லார்க்கும் ஒன்றே. கிடைப்பது அவரவர் நல்லூழ்.

இம்முறையைச் சூதாட்டத்தின் மற்றொரு வகை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் நுணுகி நோக்கின் இது அறியாமையை நேர்மையாகப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு என்பது புலனாகும். குதிரையின் திறன் எவருக்கும் தெரியாத நிலையில், செல்வமும் செல்வாக்கும் உடையவர் நல்லதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு எஞ்சியதைப் பிறர்க்குத் தள்ளிவிடுவதைச் சீட்டு தடுத்தது. பாண்டியன் அறியாமையின் விலை முழுவதையும் தானே செலுத்தினான். ஃபேரர் பார்க் உறுப்பினர்கள் அதனைத் தமக்குள் சமமாகப் பங்கிட்டுக்கொண்டனர்.

6. ஏட்டின் வலிமையும் எல்லையும்

அறியாமையைப் பங்கிடுவதைவிட அதனைக் குறைப்பது மேலானது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் வெதர்பி 1791இல் தொடங்கிய பொது மரபுப் பதிவேடு அவ்வகையில் ஒரு திருப்பமாகும். பந்தயக் குதிரை ஒவ்வொன்றின் தாய்தந்தையரும் அதில் பதிவாயினர். ஆஸ்திரேலியப் பதிவேட்டின் முதல் தொகுதி 1878இல் வெளிவந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1896இல் ஸ்ட்ரெயிட்ஸ் ரேசிங் அசோசியேஷன் அமைந்தது.

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. இன்றைய தூய இனப் பந்தயக் குதிரைகளின் ஆண்வழி மூன்று குதிரைகளில் சென்று முடிகிறது. அவற்றுள் டார்லி அரேபியன் 1704இல் அலெப்போவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்றது. மேற்காசியக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் காயல் துறைக்கும் வந்தன. இங்கிலாந்து சென்றவற்றின் வழித்தோன்றல்கள் ஏட்டில் நின்றன. காயலுக்கு வந்தவை கணக்கில் மட்டும் நின்றன. அதே வேளையில், அம்மூன்றனுள் ஒன்றாகிய கொடால்ஃபின் அரேபியனின் பிறப்பிடம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எனவே, மிகச் சிறந்த பதிவேட்டின் வேரிலும் செவிவழிச் செய்தியே கிடக்கிறது எனலாம்.

ஏடு செம்மையாக இருப்பினும், ஏட்டிலுள்ள குதிரைதான் எதிரே நிற்கிறதா என்னும் ஐயம் எஞ்சும். 1984 ஆகஸ்ட் 18ஆம் நாள் பிரிஸ்பேன் நகரின் ஈகிள் ஃபார்ம் திடலில் ஃபைன் காட்டன் என்னும் எளிய குதிரையின் பெயரில் போல்ட் பெர்சனாலிட்டி என்னும் திறன்மிக்க குதிரை ஓடவிடப்பட்டது. நிற வேற்றுமையை மறைக்க அதற்குச் சாயம் பூசியிருந்தனர். வென்றபின் வேடம் கலைந்தது. நரி பரியான கதையின் இருபதாம் நூற்றாண்டு வடிவம் போலும் இது! இன்று நுண்சில்லும் மரபணுச் சோதனையும் இவ்வையத்தைப் பெரிதும் நீக்கிவிட்டன. கால்நடை மருத்துவர் ஊடுகதிர்ப் படம் எடுத்து மூட்டுகளை ஆராய்கிறார். எனினும் குதிரையின் மனப்போக்கும் அச்சங்களும் அன்றாடப் பழக்கமும் இவ்வாவணங்கள் எவற்றிலும் இடம்பெறுவதில்லை.

7. லாயத்தில் இருந்த அறிவு

அவற்றை அறிந்தவர் லாயத்தில் இருந்தார். மலாயில் சைஸ் என்றும் தமிழில் குதிரைக்காரர் என்றும் வழங்கப்பெற்ற அவரே, குதிரை எப்போது தீவனத்தை விடும், எவ்வொலிக்கு மிரளும், எக்காலில் நோவு மறைந்திருக்கும் என்பதை அறிந்தவர். ஃபேரர் பார்க் அருகே கம்போங் கபூர் வட்டாரத்தில் பாவியான் தீவினர் பலர் குடியிருந்து பந்தயத்திடலில் குதிரைக்காரர்களாகவும் பயிற்றுநர்களாகவும் பணிபுரிந்தனர். கபூர் என்பது மலாயில் சுண்ணாம்பு. தமிழர் இதையடுத்த பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்றழைத்தனர். டன்லப் தெருவிலுள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசல் தமிழ் முஸ்லிம் வணிகர்க்கும் இப்பாவியான் குதிரைக்காரர்க்கும் பொதுவான வழிபாட்டிடமாக விளங்கியது. அதன் இன்றைய கட்டடப் பணி 1907இல் தொடங்கி 1927இல் நிறைவுற்றது. குதிரை வீரரைக் குறித்த இராவுத்தர் என்னும் சொல்லைக் குடிப்பெயராகக் கொண்ட தமிழ் முஸ்லிம்களும், குதிரை பேணிய தீவினரும் ஒரே வட்டாரத்தில் வாழ நேர்ந்தது வரலாற்றின் அழகிய தற்செயல்களுள் ஒன்று.

பந்தய வரலாறுகளில் உரிமையாளர் பெயர் உண்டு. ஆளுநர் பெயர் உண்டு. குதிரையின் பெயரும் உண்டு. குதிரைக்காரர் பெயர் பெரும்பாலும் இல்லை. குதிரையின் பூர்வீகத்தை நன்கறிந்தவரின் பூர்வீகமே பதிவாகாமற் போயிற்று. காயல் துறைக்கு வைத்தியர் வாராது தடுத்த வணிகரும், லாயத்தாரின் பெயரை எழுதாது விட்ட எழுத்தரும் வெவ்வேறு நோக்கத்தோடு ஒரே விளைவை உண்டாக்கினர்: அறிவுடையவர் ஏட்டுக்கு வெளியே நின்றார்.

முடிவுரை

பந்தயத்திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்கும், பின்னர் 2000இல் கிராஞ்சிக்கும் இடம் பெயர்ந்தது. 2024 அக்டோபர் 5ஆம் நாள் கிராஞ்சியில் இறுதிப் பந்தயம் நடைபெற்றது. 1843இல் தொடங்கிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தய வரலாறு அத்துடன் நிறைவுற்றது. நூற்றுஎண்பது ஆண்டுகளாகக் குதிரைகளை வரவழைத்த ஊர், தன்னிடம் இருந்த குதிரைகளைப் பிற நாடுகளுக்கு அனுப்பும் நிலை உண்டாயிற்று. வாங்கும் ஊர் வழங்கும் ஊராக மாறியபோது பழைய வினாவும் திசை மாறியது. அக்குதிரைகளோடு ஆவணங்கள் சென்றன. அவற்றைத் தேய்த்துக் குளிப்பாட்டிய கைகளின் அறிவு இங்கேயே தங்கிவிட்டது.

குதிரையின் பூர்வீகத்தை உடற்குறியால் அறிந்தனர்; சொல்லால் அறிந்தனர்; ஏட்டால் அறிந்தனர். இம்மூன்றும் நிரம்பாத இடத்தைப் பொன்னாலோ சீட்டாலோ நிரப்பினர். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக நின்றது குதிரையோடு வாழ்ந்தவரின் அறிவே என்பது நாம் கண்ட முடிபாகும். திருவிளையாடற் கதையை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர் காயல் துறையின் 220 தினாரையும் உடன் வைத்துக் கற்பித்தால், மாணவர்க்கு இலக்கியமும் வரலாறும் ஒருங்கே விளங்கும். லாயங்களில் பணியாற்றிய குடும்பங்களின் வாய்மொழி நினைவுகளைத் தொகுப்பதும் இனித் தாழ்த்தத்தக்கதன்று. கிராஞ்சியில் பணிபுரிந்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ரேஸ் கோர்ஸ் சாலை தன் பெயரால் குதிரைகளை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். குதிரைகளை வளர்த்தவரை நினைவூட்டும் கடமை நம்முடையது.